நுனி இல்லாத கூம்பு

நம் ஆறாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் அந்த வகுப்புப் போட்டோ வந்தது. எல்லோரும் முதலில் உங்களைத் தேடிக்கொண்டீர்கள். பிறகு அடுத்தவர்களைக் கேலி செய்ய ஆரம்பித்தீர்கள். யார் தலையில் எண்ணெய் வழிகிறது, யார் கண்ணை மூடியிருக்கிறான், அன்றைக்கு மூக்கு ஒழுகியவன் இன்றைக்கு எத்தனை மெஷின் போட்டுக் கம்பெனி நடத்துகிறான் என்று நாள் முழுக்க அதே பேச்சு. நானும் சிரித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இடது மூலையில் இருந்த மேசை கண்ணில் பட்டது.

மேசைமேல் ஒரு குவியல். நூல் தீர்ந்த அட்டைக் கோன்கள். பச்சை வளையம் போட்டது, நீல வளையம் போட்டது, வளையமே இல்லாதது என்று ஒரு மூட்டை இருக்கும். உங்களில் பாதிப் பேர் கொண்டுவந்தவைதான். அந்தக் குவியலில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கூரான நுனி இருக்கிறது. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உயரமாக, பழுப்பு நிறத்தில், கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. குழுவில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

அதைச் செய்தவர் என் அப்பா.

குழுவிலேயே எழுதியிருப்பேன். நடுவில் யாராவது ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லிவிடுவீர்கள் என்பதால் தனியாக எழுதுகிறேன். இருபத்தேழு வயதில் பழைய கதை பேசுவது கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். முதலிபாளையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில், தந்தையின் படிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். என் படிப்பு என்ற இடத்தில் கொடுத்திருந்த வரி போதாமல் பக்கவாட்டில் எழுதினேன். எழுதிவிட்டு ஒருமுறை படித்தும் பார்த்தேன். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை.

நாங்கள் குடியிருந்த லைன் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரே சுவருக்கு ஒன்பது கதவுகள், கடைசியில் ஒரு குழாய். வீட்டுக்காரர்கள் இந்த ஊர்க்காரர்கள். குடியிருந்த நாங்கள் எல்லோரும் தெற்கே மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. சாயங்காலம் வந்ததும் கால் இரண்டையும் வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த வாளியைத் தூக்கிக் கொட்டும்வரை அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது.

அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார். ஆள் உயர மெஷினைச் சுற்றிக் கம்பிகளில் நூல் கோன்கள் வரிசையாகச் சொருகியிருக்கும். அத்தனை நூலும் மேலே ஏறி, நடுவில் வட்டமாக நிற்கும் ஊசிகளில் இறங்கிப் பின்னப்பட்டு, கீழே துணியாக வரும். குழாய் போல வரும். தையல் கிடையாது, ஓரம் கிடையாது. ஓர் ஊசி முறிந்தால் அந்தக் குழாயில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு விழும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது அப்பாவின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும் என்று அவருடைய மாஸ்டரே சொல்வார்.

வேலை முடிந்து வரும்போது அப்பாவின் புருவம் வெள்ளையாக இருக்கும். பஞ்சு. தலையில் துண்டு கட்டியிருந்தாலும் புருவத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அவர் முகம் கழுவுவதற்குள் அதை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டி வைப்பது என் வேலை. எடுக்கும்போது மெஷின் எண்ணெய் வாசம் வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பார்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும், "அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்கு தாயி?" என்று கேட்பார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்பார். அறிவியலாக இருந்தாலும் சரி, தமிழாக இருந்தாலும் சரி. கடிகாரச் சத்தம் மாதிரி அது எனக்குப் பழகிப்போயிருந்தது. நின்றுபோகும்வரை அது இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் பருவத்தில்தான் நம் கணக்கு டீச்சர் கனவடிவங்களை ஆரம்பித்தார். பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். முதல் பீரியடில் அவர் புடவைக் கொசுவம் கசங்கியே இருக்கும். கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதினார்: கனசதுரம், கனசெவ்வகம், உருளை, கூம்பு, கோளம். எதிரே மூன்று பத்திகள்: முகங்கள், விளிம்புகள், உச்சிகள். வீட்டில் இருக்கும் பொருளை எடுத்து, விரலால் தொட்டு எண்ணி, கட்டத்தை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார். ஒரு வடிவத்துக்கு ஒரு பிள்ளை வீதம் ஐந்து பேர் எழுந்து நின்று விவரிக்க வேண்டும். பெற்றோரும் வந்து பார்க்கலாம்.

எனக்குக் கூம்பு வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். கூம்புகளுக்கு நடுவிலேயே நாள் முழுக்க நிற்பவருடைய மகள் நான். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு கோன் கொண்டுவந்தார். காலிக் கோன்கள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் நசுங்காத, எண்ணெய் படாத, பச்சை வளையம் அழியாத ஒன்றாகத் தேடியிருக்கிறார். கூடவே ஒரு முழம் துணிக்குழாய், உருளைக்காக. பாயில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தோம். முகம் என்றால் என்ன, விளிம்பு என்றால் என்ன என்று நான் டீச்சர் குரலில் சொல்ல, அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சொன்னார்.

"கோனுக்கு முகம் ஒண்ணுதான். சுத்தி வருது பாரு, எங்கயும் முறியல. மேல ஒரு விளிம்பு, கீழ ஒரு விளிம்பு. கூரா குத்துற எடமே இல்ல."

ஒன்று, இரண்டு, பூச்சியம் என்று எழுதினேன். துணியை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுவும் அதேதான். முகம் ஒண்ணு." கொஞ்சம் யோசித்தார். "விளிம்பு மட்டும், மெஷின்ல இருக்கிற வரைக்கும் கெடையாது தாயி. அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். வெட்டினாத்தான் ரெண்டு."

வெட்டின துணிதானே என்று இரண்டு போட்டேன். அன்றைக்கே அப்பா தன் கூட்டாளியிடம் பேசி வெள்ளிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். மகள் அதிகாரி முன்னால் கோனைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று மெஷின் ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டீச்சர் "கூம்பு கொண்டுவந்தவங்க எடுத்து மேசையில வைங்க" என்றதும் பாதி வகுப்பு எழுந்தது. ஒவ்வொருவராக வைக்க வைக்கக் குவியல் உயர்ந்தது. சில கோன்கள் உருண்டு கீழே போயின. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, மில்லுல இருந்து லோடு எறக்கியாச்சுங்களா?"

நாம் எல்லோரும் சிரித்தோம். அவர் ஒரு கோனை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அதன் வழியே நம்மைப் பார்த்தார். கூம்புக்கு ஓர் உச்சி இருக்க வேண்டும், இதற்கு உச்சி எங்கே என்று கேட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "எலி தின்னுபோட்டதுங்க டீச்சர்" என்றான். (நீதான். இப்போது எத்தனை மெஷின் என்று சொன்னார்களே, அதே ஆள்.)

வேறு எந்த ஊரிலும் ஒரு வகுப்பே சேர்ந்து இந்தத் தப்பைச் செய்திருக்காது என்று நினைக்கிறேன். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூம்பு என்றால் ஐஸ்கிரீம் ஞாபகம் வரும். நமக்குப் பிறந்ததிலிருந்தே கூம்பு என்றால் மேலே ஓட்டை.

அப்போது முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி ஒரு தொப்பியை நீட்டினாள். ஜிகினாத் தாள் ஒட்டிய பிறந்தநாள் தொப்பி. நுனியில் குஞ்சம் வைத்தது. டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. தொப்பிக்காரியே, நீயும் இதைப் படிப்பாய். எனக்கு உன்மேல் கோபமில்லை. அன்றைக்கு இருந்தது. எங்கள் லைனில் ஒன்பது வீட்டிலும் சேர்த்து ஒரு பிறந்தநாள் தொப்பி கிடையாது.

பிறகு நோட்டுகளைத் திருத்தினார். என் கட்டத்தில் உருளைக்கும் கூம்புக்கும் ஒரே எண்கள் இருந்தன. இரண்டு வரிகளையும் சேர்த்துச் சிவப்பில் அடித்தார். "எண்ணிப் பார்க்காம மேல இருக்கறதைப் பார்த்துக் கீழ எழுதிப்போட்டியா கண்ணு?" என்றார். இல்லை, எண்ணினோம், அப்பாவும் நானும் எண்ணினோம் என்றேன்.

"அப்பாவுக்கு நூல் கோன் தெரியும். கணக்குப் பாடம் எப்படிக் கண்ணு தெரியும்? இனிமே சந்தேகம்னா எங்கிட்டக் கேளு."

அதட்டவில்லை. கன்னத்தைத் தட்டித்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியதோ என்னவோ. அதட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

வீட்டில் அப்பாவிடம் அவ்வளவையும் சொல்லவில்லை. கூம்புக்கு உச்சி வேண்டுமாம், உருளைக்கு மேலும் கீழும் மூடி வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன்.

"மூடி போட்டா பனியனுக்குள்ள தலைய எங்குட்டு விடுறது?" என்றார். அம்மா வாளியில் காலை வைத்தபடியே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அதைக் கவனித்தார். கோனை எடுத்து அதன் மேல் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "அப்ப, இதோட மண்டை எங்க போச்சு?"

அன்றைக்குச் சாயங்காலம் அவர் செய்ததை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விளக்குமாற்றிலிருந்து நேரான ஈர்க்குச்சிகளாக மூன்றை உருவினார். கோனைத் தரையில் நிறுத்தி, குச்சிகளை அதன் பக்கவாட்டில் சரிவோடு சரிவாக வைத்து, இரண்டு ரப்பர் பேண்டுகளைப் போட்டு இறுக்கினார். குச்சிகள் மூன்றும் கோனைத் தாண்டி மேலே போய், ஒன்றை ஒன்று தேடி நெருங்கின. வெட்டுப்பட்டது ஒரு கட்டைவிரல் அளவுதான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குச்சிகள் சேர்ந்த இடம் கோன் உயரத்துக்கு இன்னொரு கோன் உயரத்தில், வெறும் காற்றில் இருந்தது.

"எம்புட்டுத் தூரம் போய்ச் சேருது பாரு" என்றார், அவருக்கே ஆச்சரியமாக.

அம்மா கொண்டுவந்திருந்த கிழிந்த அட்டைப் பெட்டியிலிருந்து பழுப்புத் தாளை உரித்து, அந்தக் குச்சிகளைச் சுற்றிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். நுனியை நாக்கில் தொட்டு முறுக்கினார். கோனுக்குத் தலை வந்துவிட்டது. "இப்ப உங்க டீச்சரம்மா சொன்ன மாதிரி ஆச்சா?" என்று கேட்டார். கோபுரம் மாதிரி இருந்தது. குஞ்சம் இல்லை, ஜிகினா இல்லை. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது.

ஒட்டியது காய்ந்ததும், புதன்கிழமை அதைப் பையில் வைக்க முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு போனேன். டீச்சர் அப்போது தலைமையாசிரியர் அறைக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். கூம்புக்குத் தொப்பிக்காரி என்று முடிவாகியிருந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்து, "அங்க வெச்சிரு கண்ணு" என்று குவியலைக் காட்டினார். வைத்தேன். அவ்வளவுதான்.

கூம்பைப் பற்றிப் பேசப்போவது நான் இல்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். புதன் சொல்லவில்லை, வியாழன் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் தலைக்குக் குளித்து, பஞ்சு ஒன்றுகூட இல்லாமல், கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டபோதும் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். சன்னலுக்கு வெளியே நாலைந்து பெற்றோர் நின்றார்கள். அப்பா எல்லோருக்கும் பின்னால் நின்றார். கனசதுரம் முடிந்தது. கனசெவ்வகம், உருளை முடிந்தன. டீச்சர் கூம்பு என்றதும் அப்பா முன்னால் இருந்தவருடைய தோளுக்கு மேல் எட்டி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கூம்புக்கு இரண்டு முகங்கள், ஒரு விளிம்பு, ஓர் உச்சி" என்று தொப்பிக்காரியின் குரல் கேட்டது. தெளிவாகச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். பிறகு எடுத்ததுதான் அந்தப் போட்டோ. மேசையை நகர்த்த நேரமில்லாததால் குவியலும் படத்தில் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். சாக்கடைப் பாலம் தாண்டியதும், "அந்தப் புள்ள நல்லாச் சொல்லுச்சு" என்றார். அதில் ஒரு குத்தலும் இல்லை. அந்தக் குத்தல் இல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் ஒன்னாலதான். ஒனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இனிமே நான் படிக்கிறப்போ பக்கத்துல வந்து உக்காராத."

பன் இன்னும் பாதி என் கையில் இருந்தது. அவர் "சரி தாயி" என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் புத்தகத்தைத் திறந்தபோது எழுந்து வெளியே போனார். அதற்கடுத்த நாளும் போனார். டிவி ஓடிக்கொண்டிருந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போவார். நான் பக்கத்தைத் திருப்புவேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். புருவத்துப் பஞ்சை அவரே குழாயடியில் கழுவிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டிருக்கலாம். பதினோரு வயதுக்கு இருக்கும் வீம்பு எந்த வயதுக்கும் இருக்காது. பிறகு வீம்பு போயிற்று. ஆனால் எப்படிக் கூப்பிடுவது என்பதும் அதோடு போயிற்று.

குவியலை அந்த ஆண்டுக் கடைசியில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டார்கள். மூட்டையில் அடைபடாமல் ஒரு பழுப்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். போய்க் கேட்கவில்லை.

டீச்சரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டாவது முடிந்ததும் அம்மா என்னைத் தன்னோடு செக்கிங்கில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எப்படியோ தெரிந்துகொண்டு அவர் எங்கள் லைன் வீட்டுக்கே வந்தார். வெயிலில் வந்த களைப்போடு வாசற்படியில் உட்கார்ந்து, "இந்தப் பொண்ணை மட்டும் நிறுத்தீராதீங்க, நானு உங்ககிட்டக் கேட்டுக்கறேனுங்க" என்றார் அம்மாவிடம். அம்மா நெகிழ்ந்துவிட்டாள். அப்பா டீ வாங்கி வந்து டம்ளரோடு வெளியே நின்றார். டீச்சர் அவரைப் பார்த்து, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டார்.

"எனக்கு என்னங்க டீச்சர் தெரியும்? ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பணிவாகத்தான் சொன்னார். டீச்சரும் அதைப் பணிவு என்றுதான் எடுத்துக்கொண்டார். அது என்னுடைய வாக்கியம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இன்று நான் ஆளாகி நிற்பதற்கு அந்த டீச்சர்தான் காரணம். என் அப்பாவை என் பக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதிலும் அவருக்குப் பங்குண்டு. இரண்டும் ஒரே ஆளால் முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், வரப்போகும் அதிகாரி. அவர் ஒரு கோனை இன்னும் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்திருக்கலாம். அந்த ஒரு நிமிடம் அவரிடம் இல்லை.

ஒன்பதாவதுக்கு நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். உங்களில் பாதிப் பேர் அப்போது வேறு பள்ளி, மீதிப் பேர் கம்பெனி. பத்தாவதில் அளவியல் பாடம் வந்தது. கணக்கு சார் ஒருநாள் கரும்பலகையில் உருளை வரைந்தார். மேலே மூடி இல்லை, கீழேயும் இல்லை. உள்ளீடற்ற உருளை என்று எழுதினார். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் வளைபரப்பு மட்டும்தான், மூடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றார். அப்பாவின் துணிக்குழாய்.

அடுத்த நாள் கூம்பு வரைந்தார். கொஞ்சம் இறங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, மேல்பாதியை அழித்தார். மிச்சம் நின்றது நூல் கோன். பச்சை வளையம் மட்டும்தான் இல்லை. இதற்குப் பெயர் இடைக்கண்டம் என்றார். இதன் கன அளவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், வெட்டிப்போன மேல்பாதி எவ்வளவு உயரம் இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, கோனின் இரண்டு பக்கச் சரிவையும் புள்ளிக்கோடுகளாக மேலே நீட்டிக்கொண்டு போனார். அவை காற்றில் போய் ஓரிடத்தில் சேர்ந்தன.

புத்தகத்திலும் அதே படம் இருந்தது. அதே புள்ளிக்கோடுகள்.

பக்கத்தில் இருந்தவள் ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நேரே மெஷின் ஷெட்டுக்குப் போனேன். பல வருடங்களாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. உள்ளே பேச முடியாது. காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். அப்பா குனிந்து துணியைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டார்.

"ஒண்ணும் ஆகலப்பா. கோனுக்குப் புக்குல பேரு இருக்கு."

"எந்தக் கோனுக்கு?"

"இந்தா. மண்டை இல்லாததுக்கு."

புத்தகத்தை நீட்டினேன். கை எண்ணெயாக இருப்பதைக் காட்டி, நீயே பிடி என்று சைகை செய்தார். நான் பிடித்துக்கொண்டேன். குனிந்து பார்த்தார். அவருடைய விரல் தாளைத் தொடாமல், அரை அங்குலம் தள்ளி, கோனின் சரிவில் ஏறியது. வெட்டுப்பட்ட இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு புள்ளிக்கோட்டின் மேல் மெதுவாக ஏறி நுனி வரைக்கும் போனது.

"இது நம்ம ஈர்க்குச்சி" என்றார்.

நான் தலையாட்டினேன். இதற்கு இடைக்கண்டம் என்று பெயர், திறந்திருந்தால் சுற்றி வருவது ஒன்றுதான் கணக்கு, விளிம்பு இரண்டு, உச்சி கிடையாது, நீ சொன்னதுதான் என்று காதில் கத்தினேன். துணிக்குழாயும் இதில் இருக்கிறது என்று முந்தின பக்கத்தைக் காட்டினேன். அவர் மெஷினைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"அந்த டீச்சரம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்பா. ஆறாவதுக்கு வேணாம்னு விட்டிருப்பாங்க."

அப்பா யோசித்துவிட்டு, "ஆமா, சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாத்தான் காட்டணும்" என்றார். டீச்சர் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

அப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் காதுக்கு அருகில் போய், அன்றைக்குப் பாலத்தில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். அவர் காதைத் தொட்டு, மெஷினைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். அதுவரை நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டிருந்தது. அது மட்டும் கேட்கவில்லை.

நான் அவர் புருவத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பஞ்சை எடுத்தேன். ஷெட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்கு தாயி?"